எழுதுகிறவரும் எழுதப்படுகிறவரும்



இன்று நாம் கனடாவின் வடபகுதிக்குச் சென்று வருவோம். பனி உறையும் அந்த நாட்டின் ஆற்றோரங்களில் பீவர் என்னும் விலங்கு வாழ்கிறது. அதன் மென்மயிரை அழுத்திச் செய்த தொப்பிக்கு ஒரு காலத்தில் ஐரோப்பாவில் பெரும் கிராக்கி இருந்தது. 1670-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்ல்ஸ், ஹட்சன் குடாக் கம்பெனிக்குப் பட்டயம் வழங்கினார். அந்தக் குடாவில் வந்து கலக்கும் ஆறுகள் பாயும் நிலம் முழுவதிலும் வாணிகம் செய்யும் தனியுரிமை அதற்குக் கிடைத்தது. அங்கே வாழ்ந்த மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வேட்டையாடியவர்கள் அந்த மண்ணின் மக்கள். தோலைப் பதப்படுத்தியவர்கள் அவர்கள் வீட்டுப் பெண்கள். துப்பாக்கிக்கு இத்தனை தோல், கம்பளிக்கு இத்தனை தோல் என்று பீவர் தோலே விலைக்கு அளவாயிற்று. கணக்குப் புத்தகமும் நாட்குறிப்பும் மட்டும் கம்பெனிக்காரர் கையில் இருந்தன.

அதனால் என்ன நேர்ந்தது? 1715-ஆம் ஆண்டு, யார்க் ஃபேக்டரி என்ற கம்பெனிக் கோட்டையிலிருந்து தெனே இனப் பெண் ஒருவர் புறப்பட்டார். தம் மக்களுக்கும் கிரீ மக்களுக்கும் இடையே இருந்த பகையைத் தீர்த்துச் சமாதானம் செய்து வைத்தார். 1717-இல் காலமானார். கோட்டைத் தலைவர் ஜேம்ஸ் நைட் அவரை மிகவும் மெச்சியவர்தான். ஆயினும் தம் நாட்குறிப்பில் அவரை அடிமைப் பெண் என்றே குறித்தார். தனடெல்தூர் என்னும் அவருடைய பெயரை, தெனே மக்கள்தான் வாய்மொழியாகக் காத்து வந்தார்கள்.

காலம் மாறியது. தோல் வாணிகம் நலிந்தது. அதை நம்பியிருந்த ஊர்களில் பசி புகுந்தது. 1942-இல் நார்வே ஹவுஸ் முதலிய கிரீ ஊர்களுக்கு ஆய்வாளர்கள் சென்றார்கள். அந்தப் பயணத்துக்கு ஆதரவளித்தவர்களில் அதே கம்பெனியும் ஒன்று. மக்கள் சத்துணவின்றி மெலிந்திருப்பதை ஆய்வாளர்கள் கண்ணாரக் கண்டார்கள். ஆனால் செய்தது என்ன? நார்வே ஹவுஸில் 300 பேரைத் தேர்ந்து, 125 பேருக்கு வைட்டமின் கொடுத்தார்கள். மற்றவர்களுக்குக் கொடுக்காமல், இருசாராரையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்! இதை வரலாற்றாசிரியர் இயன் மோஸ்பி 2013-இல் வெளிக்கொணர்ந்த போது கனடா நாடே அதிர்ந்தது.

ஆய்வே கூடாது என்று நாம் சொல்லவில்லை. குறையை எண்ணிப் பார்த்தால்தான் தீர்வு பிறக்கும். ஆனால் பசித்தவன் எண்ணிக்கையாகி விடக் கூடாது. கனடாவின் பூர்வகுடியினர் 1998-இல் ஒரு கொள்கை வகுத்தார்கள். தங்களைப் பற்றித் திரட்டும் விவரம் தங்களுக்கே உடைமை. அதை யார் காண்பது, யார் வைத்திருப்பது என்பதைத் தாங்களே முடிவு செய்ய வேண்டும் என்பது அதன் சாரம்.

நம் லயத்து வாசலுக்கும் நோட்டுப் புத்தகத்தோடு ஒருவர் வரலாம். அவரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுங்கள். பிறகு கேளுங்கள்: ஐயா, இது எதற்காக? எங்கள் பெயரை வெளியிடுவீர்களா? முடிவை எங்களுக்கும் சொல்வீர்களா? இதனால் எங்கள் பிள்ளைகளுக்கு என்ன பயன்? விருப்பமில்லாத கேள்விக்குப் பதில் சொல்லாதிருக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. நல்ல ஆய்வாளர் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார். பொறுமையாகப் பதில் சொல்வார்.