‘ஈடி’ எழுப்பும் மூன்று ஓசை

ஆங்கில வினைச்சொல் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது இலக்கணப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் அந்த நீண்ட அட்டவணைதான். கோ, வென்ட், கான். சீ, சா, சீன். இன்று அந்தப் பக்கம் போகப் போவதில்லை. அட்டவணையே தேவைப்படாத ரெகுலர் வெர்புகளைப் பற்றித்தான் பேச்சு.

நம்முடைய ‘நட’ என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள். நடக்கிறேன், நடக்கிறாய், நடக்கிறாள், நடந்தோம், நடப்பீர்கள் என்று அது எடுக்கும் வடிவங்களுக்குக் கணக்கில்லை. ஆங்கிலத்து ‘வாக்’ வைத்திருப்பதோ நான்கே சட்டை: வாக், வாக்ஸ், வாக்கிங், வாக்ட். எதிர்காலத்துக்கென்று தனி விகுதிகூட இல்லை. ‘வில்’ என்று ஒரு துணைவினையைச் சேர்த்துச் சமாளித்துக்கொள்கிறார்கள்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலமும் இப்படி இருக்கவில்லை. நான், நீ, அவன், அவர்கள் என்று ஆளுக்கேற்ப விகுதி மாறியது. ‘நீ’ என்பதற்குத் ‘தௌ’ என்ற சொல்லும், அதற்கென ‘எஸ்ட்’ என்ற விகுதியும் இருந்தன. 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் ‘அவன் நடக்கிறான்’ என்பதற்கு ‘வாக்கெத்’ என்றுதான் இருக்கும். வட இங்கிலாந்துப் பேச்சிலிருந்து வந்த ‘ஸ்’ அதற்கு முன்பே லண்டன்காரர்களின் வாயில் புகுந்துவிட்டது. மற்ற விகுதிகளெல்லாம் தேய்ந்துபோக, இன்று நிகழ்காலத்தில் மிஞ்சியிருப்பது அந்த ஒரே ஒரு ‘ஸ்’. நம் மாணவர்கள் மறப்பதும் அதையேதான்.

இறந்தகாலம் இன்னும் சுலபம். யாராக இருந்தாலும் ஈ, டி என்ற இரண்டெழுத்து போதும். ஆனால் சுலபம் எழுதும்போது மட்டுந்தான். வாயைத் திறந்தால் அந்த ஈடிக்கு மூன்று ஓசை. இது காதால் படிக்க வேண்டிய பாடம் என்பதால் வானொலிக்குப் பொருத்தமானது.

தொண்டையில் விரலை வைத்துக்கொள்ளுங்கள். ‘வாக்’, ‘ஸ்டாப்’, ‘வாஷ்’ என்று சொல்லிப் பாருங்கள். கடைசி ஒலியில் தொண்டை அதிராது. அங்கெல்லாம் ஈடி வல்லோசையாக வரும். ‘பாட்டு’ என்னும்போது வருகிற டகரம். ‘ப்ளே’, ‘கால்’, ‘ஓபன்’ என்று சொன்னால் கடைசிவரை தொண்டை அதிரும். அங்கே ஈடி மெல்ல ஒலிக்கும். ‘பாடு’ என்னும்போது வருகிற டகரம். இரண்டு ஓசையும் நம் நாவில் பிறந்ததிலிருந்தே இருக்கின்றன. மூன்றாவது, ‘வான்ட்’, ‘நீட்’ போல டி ஒலியிலேயே முடிகிற வினைகளுக்கு உரியது. டகரத்தின் மேல் டகரம் ஏறினால் காதில் விழாது என்பதால் நடுவே ஓர் இகரம் நுழைகிறது: வான்டிட், நீடிட்.

நம் வகுப்பறைகளில் பலர் ‘வாக்கெட்’, ‘ஸ்டாப்பெட்’ என்று எழுத்தைப் பார்த்தே உச்சரிப்பார்கள். கேலி செய்ய வேண்டாம். கவிஞர் சாசர் வாழ்ந்த 14ஆம் நூற்றாண்டில் அந்த எகரம் ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. அது விழுந்துகொண்டிருந்த காலத்தில் சும்மா இருக்க முடியாதவர் ஜொனாதன் ஸ்விஃப்ட். கலிவரின் பயணங்களை எழுதியவர். 1712இல் வெளியிட்ட ஒரு சிறு நூலில், ‘டிஸ்டர்ப்ட்’ போன்ற சொற்களைக் கவிஞர்கள் இப்படிக் குறுக்கி மொழியையே கெடுக்கிறார்கள் என்று பொருமினார். நம் மாணவர்கள் அவரிடம் போயிருந்தால் முழு மதிப்பெண் வாங்கியிருப்பார்கள்.

நம்மிடம் இன்னொரு பழக்கம், ‘டிட் நாட் வாக்ட்’ என்பது. ‘டிட்’ வந்த இடத்தில் காலம் சொல்லியாகிவிட்டது. வினை வெறும் ‘வாக்’ ஆக நின்றால் போதும். இந்த ஈடி விகுதியே ‘செய்’ என்று பொருள்படும் ‘டு’ வினையின் பழைய இறந்தகால வடிவம் தேய்ந்து உருவானது என்று மொழியியலாளர் பலர் கருதுகிறார்கள். அப்படிப் பார்த்தால், ‘டிட் வாக்ட்’ என்பவர் டிட்டை இரண்டு முறை சொல்கிறார்.

இந்த விகுதியின் பசி பெரிது. ‘ஹெல்ப்’ வினைக்கு ஒரு காலத்தில் ‘ஹோல்ப்’ என்ற இறந்தகாலம் இருந்தது. இன்று ‘ஹெல்ப்ட்’தான். பழைய ஆங்கிலத்தில் ஒழுங்கில்லாமல் இருந்த 177 வினைகளை எடுத்து ஆராய்ந்த ஹார்வர்டு ஆய்வாளர்கள், 98 மட்டுமே இன்னும் அப்படி இருப்பதாக 2007இல் எழுதினார்கள். அடிக்கடி புழங்கும் வினைகள் தப்பிக்கின்றன. எப்போதாவது வருபவை ஈடிக்கு இரையாகின்றன. குழந்தைகளும் இதே பக்கந்தான். 1958இல் ஜீன் பெர்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர் ‘கிளிங்’ என்று இல்லாத வினை ஒன்றைச் சொல்லி, நேற்று அவன் என்ன செய்தான் என்று கேட்டார். பெரும்பாலான குழந்தைகள் தயங்காமல் ஈடியைச் சேர்த்தார்கள். பெரியவர்களில் பெரும்பாலோர்தான் ‘கிளாங்’ போன்ற வடிவங்களில் தடுமாறினார்கள்!

கடைசியாக, காலத்தை விட்டுவிட்டு, ஏவல், வற்புறுத்தல், கற்பனை என்று வினை காட்டும் மனநிலைகளுக்கு வருவோம். ஏவல் எளிது, ‘வாக்’ என்றால் ஒருவருக்கும் ஊருக்கும் பொது. மரியாதைக்குப் ‘ப்ளீஸ்’ இருக்கிறது. ‘அவர் தினமும் நடக்க வேண்டும் என்று மருத்துவர் வற்புறுத்துகிறார்’ என்ற இடத்தில்தான் விந்தை. அங்கே ‘ஹி வாக்’ என்று வரும். அந்த ஒற்றை ‘ஸ்’ஸும் உதிர்ந்துவிடும். பிரிட்டனின் தேசியப் பாடலில் கடவுள் அரசரைக் காக்கட்டும் என்னும்போது ‘சேவ்’ என்று பாடுகிறார்களே தவிர, ‘சேவ்ஸ்’ என்பதில்லை. அமெரிக்கர்கள் இந்த வடிவத்தை விடாமல் பிடித்திருக்கிறார்கள். பிரிட்டனில் பலர் நடுவே ஒரு ‘ஷுட்’ போட்டுக்கொள்கிறார்கள்.

‘இஃப் ஐ வாக்ட்’ என்று இன்னொன்று உண்டு. இனிமேல் நடப்பதைப் பற்றிய கற்பனைக்கு எதற்கு இறந்தகால வடிவம் என்று மாணவர்கள் கேட்பார்கள். ‘நான் நடந்தால்’ என்கிறோமே, அதற்குள் இருப்பதும் ‘நடந்தேன்’ என்பதில் வருகிற அதே ‘நடந்த்’ தான்.