இணையம் கெடவில்லை, முகவரி தீர்ந்துவிட்டது

துணைப்பாட நிலையத்தில் இணையத் தேர்வு நடக்கும் நேரத்தில் சில மாணவர்களுக்கு மட்டும் இணைப்புக் கிடைக்காவிட்டால், பழி உடனே இணையச் சேவை நிறுவனத்தின் மேல் விழுகிறது. பல நேரங்களில் கோளாறு உள்ளேயே இருக்கும்.

இணைப்பில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஐபி முகவரி வேண்டும். அதைத் தானாகக் கொடுப்பது டிஎச்சிபி சர்வர். சிறிய நிலையங்களில் அதன் கையிருப்பு பொதுவாக 254 முகவரிகளைத் தாண்டாது. அவற்றையும் அது குத்தகைக்குத்தான் கொடுக்கிறது. விண்டோஸ் சர்வரில் யாரும் மாற்றாவிட்டால் குத்தகை 8 நாள். ஒரு மணி நேரம் வந்துபோன மாணவனின் கைத்தொலைபேசி 8 நாளுக்கு ஓர் இடத்தைப் பிடித்து வைத்திருக்கும். காலி நாற்காலியில் துண்டு போட்ட கதைதான்! அடுத்து வருபவரின் கணினியில் 169.254 என்று தொடங்கும் எண் தெரிந்தால், சர்வரிடமிருந்து அதற்கு முகவரி கிடைக்கவில்லை என்று பொருள்.

புதிய சர்வர் வாங்க வேண்டாம். பிரிண்டருக்கு நிலையான முகவரியை ஒதுக்கிவிட்டு, மாணவர்களின் வைஃபைக்குக் குத்தகையைச் சில மணி நேரமாகக் குறைக்கலாம். பழைய குத்தகைகள் முடிய முடிய இடம் காலியாகும். ஆனால் சர்வரைப் பொருத்தியவர் போன பிறகு, குத்தகைப் பட்டியலை யாரும் திறந்து பார்ப்பதில்லை. வாரம் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். யாருடையது என்று தெரியாத கருவி சர்வரிடம் முகவரி வாங்கியிருந்தால், அதுவும் அந்தப் பட்டியலில் தெரியும்.