விருந்தும் அளவும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



‘இல்லறமும் விருந்தோம்பலும்’ என்னும் தலைப்பில் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். இலக்கணமும் இலக்கியமும் துறைபோகக் கற்ற பெரியோர் பலர் அமர்ந்திருக்கும் இந்த அவையில், இத்தலைப்பு எனக்கு ஏன் வந்தது என்று எண்ணிப் பார்த்தேன். வட்டத்தின் முதல் மூன்று ஆண்டுக் கூட்டங்கள் எங்கள் இல்லத்தில் நடந்தன. உங்களுள் பலர் என் கையால் காப்பி அருந்தியவர்கள். அந்த ஒரு தகுதியே என்னை இங்கு நிறுத்தியிருக்கிறது. ஆதலால் நூலில் படித்ததையும் அடுக்களையில் கற்றதையும் சேர்த்தே சொல்ல விழைகிறேன்.

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பொருள். தொல்காப்பியர் செய்யுளியலில் கூறும் எண்வகை வனப்புகளுள் ஒன்றுக்கு விருந்து என்று பெயர். புதிதாகப் புனையப்படும் யாப்பை அது குறிக்கும். வாசலில் வந்து நிற்கும் புதியவருக்கும், புலவன் புதிதாகச் செய்யும் பாட்டுக்கும் ஒரே சொல்லை வழங்கியவர்கள் நம் முன்னோர். கவிஞர் கூடியிருக்கும் அவையில் இதை நினைவூட்டுவது பொருந்தும் என்று கருதுகிறேன். ஏனெனில் இறுதியில் இந்த இரு விருந்துகளைப் பற்றியும் உங்களிடம் ஒரு விண்ணப்பம் வைக்க இருக்கிறேன்.

விருந்து பேணுதல் நமக்கு வெறும் நாகரிகமன்று, வழிபாடு. அது பெண்ணின் மேல் சுமத்தப்பட்ட சுமை என்று மட்டும் கூறுவாரும் உண்டு. கண்ணகி அவ்வாறு கருதவில்லை. கொலைக்களக் காதையில், தன்னைப் பிரிந்து வாழ்ந்த கணவனிடம் அவள் தன் இழப்பைச் சொல்லும்போது, அணிகலன்களையோ செல்வத்தையோ எண்ணவில்லை. அறவோரைப் பேணவும் துறவோரை எதிர்கொள்ளவும் விருந்தினரை வரவேற்கவும் இயலாது போயிற்றே என்றுதான் வருந்துகிறாள். அது அவளுடைய உரிமை. அந்த உரிமை பறிபோனதே அவள் துயரம். எனவே நான் விருந்தோம்பலுக்கு எதிராகப் பேச வரவில்லை. அந்த உரிமை எப்போது சுமையாகிறது என்பதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

என் பிறந்த வீடு காவிரிக் கரையில் ஒரு சிற்றூரில் இருந்தது. பேருந்து நிற்கும் இடத்துக்கு அருகில் வீடு அமைந்ததனால், ஊருக்கு வருவோரும் ஊரைக் கடந்து செல்வோரும் எங்கள் திண்ணையில் இளைப்பாறாமல் போனதில்லை. அம்மா மாலையில் விளக்கேற்றியதும், உலையில் போடும் அரிசியோடு ஒரு பிடி அரிசி கூடுதலாக இடுவார். “யாருக்கம்மா?” என்று கேட்டால், “சாமி யாரையாவது அனுப்பும்” என்பார். அதுவே அவருடைய பூசை என்று சொல்லலாம்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும். அம்மாவுக்குக் கடும் காய்ச்சல். இரவு ஒன்பது மணிக்கு அப்பாவின் நண்பர்கள் நால்வர் வந்தனர். அம்மா எழுந்தார். அடுப்பு மூட்டினார். குழம்பு, பொரியல், அப்பளம் எல்லாம் ஆயின. வந்தவர்களுக்கு முகம் மலரப் பரிமாறினார். “அன்னபூரணி” என்று அவர்கள் வாயார வாழ்த்திச் சென்றனர். அவர்கள் தெருமுனை திரும்பியிருக்கமாட்டார்கள். நான் கை தவறிச் செம்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டேன். அம்மா என்னை அடித்தார். அதுவரை என்னை அடித்ததில்லை. அடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து அமர்ந்து அழுதார். விருந்தினருக்கு ஒரு முகமும் எனக்கு ஒரு முகமும் இருந்தன என்பதை அன்றுதான் அறிந்தேன். அந்த நால்வரும் உண்ட உணவுக்கு விலை கொடுத்தவர்கள் நாங்கள் இருவரும். அவர்களுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் உண்டிருக்கமாட்டார்கள்; அவர்கள் நல்லவர்கள்.

பிற்காலத்தில் திருக்குறளை ஊன்றிப் படித்தபோது, இந்த நிகழ்ச்சியே எனக்கு உரையாக நின்றது. விருந்தோம்பல் 9ஆம் அதிகாரம். அதற்கு முன்னது அன்புடைமை, பின்னது இனியவை கூறல். அன்புக்கும் இன்சொல்லுக்கும் நடுவில் விருந்தை வைத்த அந்த அதிகாரத்தில், எத்தனை கறி சமைக்க வேண்டும் என்று வள்ளுவர் கூறவில்லை. முகத்தைப் பற்றித்தான் கூறுகிறார். அனிச்சம் மோந்தால் வாடும். விருந்தினரோ நம் முகம் வேறுபடக் கண்டாலே வாடிவிடுவர் என்கிறார். அப்படியானால் விருந்தோம்பலின் முதற்பொருள் அரிசியன்று, முகமலர்ச்சி. அது தீர்ந்துபோகாமல் காப்பதும் விருந்தோம்பலின் பகுதியே ஆகும்.

இன்னும் ஓர் இடம் உண்டு. 5ஆம் அதிகாரமாகிய இல்வாழ்க்கையில், இல்லறத்தான் பேண வேண்டிய ஐவரை வள்ளுவர் வரிசைப்படுத்துகிறார். மறைந்த முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார், ஐந்தாவதாகத் தான். இந்தத் ‘தான்’ என்பதைப் பலரும் விரைந்து கடந்துவிடுகிறோம். பரிமேலழகர் கடக்கவில்லை. எல்லா அறங்களையும் ஒருவன் உயிரோடு நின்றுதானே செய்ய வேண்டும், ஆகவே தன்னைப் பேணுதலும் அறமாயிற்று என்று விளக்கம் தருகிறார். தன்னை முதலில் வைத்தால் தன்னலம். தன்னைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டால், மற்ற நால்வரையும் பேணுவதற்கு ஆளில்லை. கடைசியில் வைத்தாலும் கணக்கில் வைத்தார் வள்ளுவர். அந்தக் கணக்கைத்தான் நம் வீடுகள் மறந்தன.

பொருட்பாலில், வலியறிதல் என்னும் 48ஆம் அதிகாரத்தில், அவர் இன்னும் வெளிப்படையாகவே பேசுகிறார். தன்னிடம் உள்ளதன் அளவை எண்ணாமல் செய்யும் உதவியால், அந்த வளத்தின் அளவே விரைவில் கெடும் என்கிறார். ஒப்புரவுக்கு ஓர் அதிகாரமே எழுதியவர் இதையும் எழுதினார். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இங்கே அன்பர் சிலர் பெரியபுராணத்தை எடுத்துக்காட்டி என்னை மறுக்கக் கூடும். இளையான்குடி மாறனார் அளவு பார்த்தாரா என்று கேட்கலாம். பார்க்கவில்லைதான். வறுமையுற்ற காலம், மழை பெய்யும் நள்ளிரவு, வாசலில் அடியார். பகலில் விதைத்த நெல்லை வாரி வரலாம் என்று வழி சொன்னவர் அவருடைய மனைவியார். விறகு இல்லை, கூரையின் கழிகள் விறகாயின. கறி இல்லை, முற்றாத இளங்கீரை கறியாயிற்று. அந்த ஒரே கீரையைப் பலவகைக் கறியாக்கியதும் அந்த அம்மையாரே. இதைப் படித்து நான் கண்ணீர் விட்டதுண்டு. ஆனால் அது ஓர் இரவின் கதை. இறைவன் வைத்த தேர்வு. நாள்தோறும் விதைநெல்லை வாரி உலையிலிட்டால் அடுத்த ஆண்டு அடியாருக்கும் சோறில்லை. இன்னொன்றும் கவனியுங்கள். அந்த வழியைச் சொன்னவர் மனைவியார். கணவர் ஆணையிட்டு அவர் வாரவில்லை. அந்தத் தியாகம் அவர் நாவிலிருந்து பிறந்தது.

அதே நூலில் காரைக்கால் அம்மையாரின் வரலாறும் உண்டு. கணவன் அனுப்பிய இரு மாங்கனிகளுள் ஒன்றைப் பசித்து வந்த அடியாருக்குச் சோற்றுடன் இட்டார் புனிதவதியார். பின் கணவன் உண்ண அமர்ந்து, முதற்கனியின் சுவையில் மகிழ்ந்து, மற்றதையும் கேட்டபோது, அடியார்க்குக் கொடுத்துவிட்டேன் என்று அவரால் அந்த நேரத்தில் சொல்ல இயலவில்லை. இறைவனை நினைந்து நின்றார், கனி வந்தது. நாம் அற்புதத்தைப் போற்றுகிறோம். போற்றத்தான் வேண்டும். ஆயினும் ஒரு மாங்கனியைக் கொடுத்தேன் என்று கணவனிடம் சொல்வதற்கு ஓர் அற்புதம் தேவைப்பட்டதே என்று என் மனம் வருந்துகிறது.

இதற்கு நேர்மாறான ஒரு வீடு புறநானூற்றில் இருக்கிறது. முதிரமலைக் குமணனிடம் பரிசில் பெற்று மீண்ட பெருஞ்சித்திரனார் தம் மனைவியை அழைத்துச் சொல்கிறார். உன்னை விரும்பியவர்க்கும், நீ விரும்பியவர்க்கும், நம் பசி தீரக் கடன் தந்தவர்க்கும் கொடு. என்னைக் கலந்துகொள்ளவும் வேண்டா என்கிறார். மனைக்கு உரியவளே என்று விளிக்கிறார். உ.வே. சாமிநாதையர் 1894இல் அச்சேற்றிய அந்நூலில் எத்தனையோ அரசர்களின் கொடை உண்டு. எனக்கு இந்த ஏழைப் புலவர் மனைவிக்குக் கொடுத்த உரிமையே பெருங்கொடையாகத் தோன்றுகிறது. கொடு என்று சொல்லும் உரிமை எவருக்கு உண்டோ, இன்று இயலாது என்று சொல்லும் உரிமையும் அவருக்கே உண்டு.

அளவு வைப்பது பக்திக்கு இழுக்கு என்று நினைப்போருக்குப் பிற சமயங்களிலிருந்தும் இரு சான்றுகள் தருகிறேன். 6ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த தூய பெனடிக்ட் தம் துறவியர்க்கு வகுத்த விதிநூலின் 53ஆம் இயல், வரும் விருந்தினரைக் கிறிஸ்துவாகவே ஏற்க வேண்டும் என்று தொடங்குகிறது. அதே இயலில், விருந்தினர்க்குத் தனிச் சமையலறை வேண்டும், வேளையல்லா வேளையில் வருவோரால் மடத்தின் ஒழுங்கு குலையக் கூடாது, சமைப்போர் முணுமுணுப்பின்றிப் பணிசெய்யத் தேவையானபோது துணையாள் தர வேண்டும் என்றும் விதிக்கிறார். கிறிஸ்துவே வந்தாலும் சமைப்பவர் மனம் கசக்கக் கூடாது என்பது அவர் கருத்து. நபிகள் நாயகமோ விருந்து மூன்று நாள் என்றும், அதற்கு மேல் அளிப்பது தருமம் என்றும், விருந்தளிப்பவர் இடருறும் அளவுக்கு விருந்தினர் தங்கலாகாது என்றும் அருளினார். அளவு விருந்தளிப்பவருக்கு மட்டுமன்று, விருந்தினருக்கும் உண்டு.

என் அம்மாவும் பின்னாளில் ஓர் அளவைக் கண்டுகொண்டார். இரவு எட்டு மணிக்கு மேல் யார் வந்தாலும் மோர்ச்சோறும் ஊறுகாயும்தான். “இருக்கிறது இதுதான், வாங்க” என்று சிரித்துக்கொண்டே இலை போடுவார். வந்தவர் எவரும் வருந்தியதில்லை. அந்தப் பிடி அரிசி மட்டும் கடைசி நாள் வரை நிற்கவில்லை.

இனி நம் வட்டத்துக்கு வருகிறேன். முதற்கூட்டத்துக்கு வந்தவர்கள் ஏழு பேர். மூன்றாம் ஆண்டில் முப்பது பேர் வந்தனர். இரண்டாம் ஞாயிறுதோறும் காலையிலேயே மாவரைப்பேன். மாலையில் கூடத்தில் கவிதை தொடங்கும். அடுக்களையில் வடைச் சட்டி காயும். கவிதைகளின் முதலடி எனக்குக் கேட்கும், கைத்தட்டலும் கேட்கும். இடையில் உள்ளது எண்ணெயின் ஓசையில் போய்விடும். நானும் எழுதுபவள் என்பதை அப்போது வட்டத்தில் யாரும் அறியார். நானே மறந்திருந்தேன் என்பதுதான் உண்மை. ஒருநாள் கூட்டம் முடிந்து எல்லோரும் சென்றபின், என் மகள் ஏதோ கேட்க, நான் சீறி விழுந்தேன். அவள் முகத்தில் என் ஒன்பது வயது முகத்தைக் கண்டேன்.

அன்றிரவு என் கணவரிடம் சொன்னேன். “வாசலை அடைக்கச் சொல்லவில்லை. எனக்கும் கூடத்தில் ஒரு பாய் வேண்டும்” என்றேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, “இத்தனை நாள் எனக்கு இது தோன்றவில்லையே” என்றார். நான்காம் ஆண்டிலிருந்து கூட்டம் நூலக மாடிக்கு மாறியது. சுண்டலும் தேநீரும் மட்டும். மாதம் ஒருவர் பொறுப்பு. குடித்த குவளையைக் குடித்தவரே கழுவுவது. எட்டு மணிக்கு நிறைவு. மூத்த கவிஞர் ஒருவர், இது தமிழ்ப் பண்பாடா என்று சினந்து இரண்டு மாதம் வரவில்லை. மூன்றாம் மாதம் வந்தார். தம் குவளையைக் கழுவினார். பக்கத்தில் இருந்த என் குவளையையும் வாங்கிக் கழுவி வைத்தார். அன்று அவர் படித்த கவிதையை முதலடி முதல் ஈற்றடி வரை நான் கேட்டேன். அடுத்த மாதம் என் கவிதையை அவர் கேட்டார்.

என் வீட்டுக் கதவு இன்றும் திறந்தே இருக்கிறது. இன்றும் விளக்கேற்றியபின் ஒரு பிடி அரிசி கூடுதலாகவே போடுகிறேன். வருவோரிடம், இன்று இவ்வளவுதான் இயலும் என்று சொல்லவும் கற்றிருக்கிறேன். அப்படிச் சொன்ன நாளில் என் முகம் மாறுவதில்லை.

விண்ணப்பம் ஒன்று என்றேன். பத்தாண்டு மலரில் கவிஞர்கள் பெயர்கள் அச்சாகின்றன, மகிழ்ச்சி. நீங்கள் இன்று இல்லம் திரும்பியதும், உங்கள் கவிதையின் முதலடியை மட்டும் கேட்டுப் பழகியவர் ஒருவர் அங்கே இருப்பார். அவரை அமரச் சொல்லுங்கள். அடுப்பு அணைந்திருக்கட்டும். முழுக் கவிதையையும் படித்துக் காட்டுங்கள். அவரிடமும் ஒரு கவிதை இருக்கிறதா என்று கேளுங்கள். புதியதை வரவேற்பதுதானே விருந்து.