மலையில் கேமரா யார் கையில்?



இரட்டைமலை சீனிவாசன் நினைவாக நடக்கும் கூட்டத்தில் சினிமாவைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் அமைப்பாளர்கள் கொஞ்சம் தயங்கினார்கள். ஆனால் இரட்டைமலையார் எங்கள் மலைக்கும் உரியவர். 1890-இல் சென்னைக்குப் போவதற்கு முன் நீலகிரியில் ஐரோப்பியர் வணிக நிறுவனத்தில் கணக்கு எழுதியவர். அவருடைய மைத்துனர் அயோத்திதாசப் பண்டிதர் 1891 டிசம்பர் 1-ஆம் நாள் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டியதும் இந்த மலையில்தான். 1893-இல் 'பறையன்' நான்கு பக்க மாத இதழாக வந்தது, பிறகு வார இதழானது. சில ஆண்டுகளில் சொந்தமாக ஓர் அச்சுக்கூடமும் வைத்தார். அந்த அச்சுக்கூடத்தை நாம் போகிற போக்கில் படித்துவிட்டுப் போகிறோம். அடுத்தவர் அச்சுக்கூடத்தின் வாசலில் கையெழுத்துப் பிரதியோடு நிற்பது என்னவென்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. என் பேச்சு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

நான் லைன் வீட்டில் வளர்ந்தவன். ஸ்ரீமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில் தலைமன்னாரில் கப்பலேறி வந்த குடும்பம். பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் 'சிலோன்காரப் பிள்ளைகள்' என்று பெயர். ஒருநாள் எங்கள் டிவிஷனுக்கு ஷூட்டிங் வந்தது. அம்மாவும் மற்றவர்களும் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் படங்குச் சாக்கு, காலில் அட்டைக்கடிக்குப் பூசிய சோப்பு. "கொஞ்சம் அந்தப் பக்கம் போங்கம்மா, ஃபிரேம்ல வர்றீங்க" என்றார் ஒருவர். இவர்கள் மேட்டுக்கு ஏறிப் போனதும், பளிச்சென்ற சேலையும் காலிக் கூடையுமாக நடனப் பெண்கள் இறங்கினார்கள். அன்று பேர் குறைந்துவிட்டதென்று கங்காணி சத்தம் போட்டார். அம்மாவுக்கு அதைவிட வேறொன்றுதான் ஆற்றாமை. "காம்பும் கரட்டுமா முறிக்கிறாளுக, ஒருத்திக்கும் ரெண்டு இலை ஒரு மொட்டு தெரியல" என்று பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

நம் சினிமாவுக்கும் இந்த மலைக்கும் உள்ள உறவு அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடும். 'மூன்றாம் பிறை'யின் கடைசிக் காட்சி கேத்தி ரயில் நிலையத்தில் எடுத்தது. 'தில் சே' பாட்டுக்கு எங்கள் மலை ரயிலின் கூரைமேல் ஆடினார்கள். ஏன், கறுப்பு வெள்ளைப் படச்சுருளே ஊட்டியில் தயாரானது. 1960-இல் நிறுவிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் புகைப்படச் சுருளும் எக்ஸ்ரே பிலிமும் செய்து அனுப்பியது. ஆலை மூடிக் கிடக்கிறது, இந்துநகர் என்ற பெயர் மட்டும் மிச்சம். மலை இடம் கொடுத்தது, பனி கொடுத்தது, பிலிமும் கொடுத்தது. படம் எடுத்தவர்கள் கீழிருந்து வந்தார்கள், எடுத்துக்கொண்டு போனார்கள். தோட்டத் தொழிலாளியின் கதையைச் சொன்ன 'பரதேசி'யும் பி.எச்.டேனியல் என்ற மருத்துவர் எழுதிய நாவலின் வழியாகத்தான் திரைக்கு வந்தது. அந்த நாவல்மேல் எனக்கு மரியாதை உண்டு. என் ஏக்கம் வேறு: லைன் வீட்டுக்காரன் தானே சொல்லும் படம் எங்கே?

சென்னையில் நீலம் பண்பாட்டு மையம் ஏப்ரலில் பி.கே.ரோசி பெயரில் திரைப்பட விழா நடத்துகிறது. ரோசி யார் என்று இளையவர்களுக்குச் சொல்லவேண்டும். மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமார'னில் நாயர் பெண்ணாக நடித்த புலையர் பெண். அதற்காகத் திருவனந்தபுரத்தில் திரைமேல் கல் விழுந்தது. அவர் உயிர் தப்பித் தமிழ்நாட்டுப் பக்கம் ஓடிவந்து, நடிகை என்ற அடையாளமே இல்லாமல் வாழ்ந்து மறைந்தார். படத்தின் பிரதிகூட இன்றில்லை. 2019-இல் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தலித் திரைப்பட விழா நடந்தது. மலக்குழியில் இறங்குவோரைப் பற்றித் திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்' அங்கே திரையிடப்பட்டது. நல்லது, வரவேற்கிறேன். ஆனால் சேரம்பாடியிலிருந்து சென்னைக்கு வந்துபோக ஒரு பிள்ளைக்கு எத்தனை நாள் கூலி போகும் என்று யாராவது கணக்குப் போட்டதுண்டா?

அதனால் கேட்கிறேன், நீலகிரியிலேயே இளையோருக்கு ஒரு விழா வேண்டும். ஊட்டியில் சீசனுக்கு வரும் விருந்தினருக்காக நடத்தினால் நான் வரமாட்டேன். கூடலூர், பந்தலூர், கொளப்பள்ளி, கோத்தகிரி என்று தோட்டத்து மன்றங்களில், சம்பளத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை திரை கட்டவேண்டும். போட்டிக்கு நுழைவுக் கட்டணம் கூடாது. பரிசுக்கு வைத்திருக்கும் பணத்தை முன்கூட்டியே பஸ் காசாகவும் மெமரி கார்டாகவும் கொடுங்கள். கோப்பையை வைத்துக்கொண்டு லைன் வீட்டில் என்ன செய்வது? வைக்க அலமாரிகூடக் கிடையாது.

இன்னொன்று, நம்மவர்களுக்கே கசக்கக்கூடியது. பணியரையும் இருளரையும் காட்டுநாயக்கரையும் 'நாமெல்லாம் ஒன்று' என்று சொல்லி நம் பட்டியலில் சேர்த்துவிடுகிறோம். எல்லைக்கு அந்தப் பக்கம் வயநாட்டில் லீலா சந்தோஷ் என்ற பணியர் பெண் தன் மக்களைப் பற்றித் தானே ஆவணப்படம் எடுத்தார். முதுமலை பொம்மனும் பெள்ளியும் வரும் படம் 2023-இல் ஆஸ்கர் வாங்கியது. முன்னதில் கேமராவுக்குப் பின்னால் அந்தச் சமூகம் நின்றது, பின்னதில் முன்னால் மட்டும் நின்றது. நம் விழாவின் தேர்வுக்குழுவில் அவர்கள் மொழி தெரிந்த ஒருவர்கூட இல்லையென்றால், அன்று அம்மாவை மேட்டுக்கு ஏறச்சொன்ன வேலையை நாமும் செய்தவர்களாவோம்.

போன மழைக்காலத்தில் ஒரு தம்பி என்னைத் தேடி வந்தான். விரிசல் விழுந்த செல்போனில் ஒரு படம். அவன் அம்மாவுக்கு ஓய்வு வயது வந்துவிட்டது. வீட்டைக் காலி செய்யவேண்டும். அம்மா கடைசி நாள் பெரட்டுக்குப் போய்விட்டு வந்து, கூடையைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறார். பிறகு வாசல் படியில் உட்கார்ந்து, முப்பது வருஷம் கொழுந்து கிள்ளிக் கறுத்த விரல்களை ஊசியால் சுத்தம் செய்கிறார். வெகுநேரம் அதுவே. நடுவில் நிமிர்ந்து, "என்னத்தடா எடுக்குற, தள்ளிப் போ" என்கிறார். அவன் தள்ளிப் போகவில்லை. ஒலி சரியில்லை, பாதி மழைச் சத்தம். வெட்டிச் சுருக்கலாமா அண்ணே என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.

அவன் இன்று இங்கே வந்திருக்கிறான், கடைசி வரிசையில். அவனுக்கு ஆறே காலுக்குப் பஸ். அதனால் நான் நிறுத்திக்கொள்கிறேன். விளக்கை அணைத்துவிட்டுப் படத்தைப் போடுங்கள்.