பேனாவை அவங்க கையில கொடுங்க

இந்த வாரம் பேப்பர் ப்ரோட்டோடைப் பத்திப் பேசலாம். அதாவது கோட் எழுதறதுக்கு முன்னாடி, ஆப்போட ஸ்க்ரீன்களைக் காகிதத்துல வரைஞ்சு, அதையே ஆளுங்க கையில கொடுத்து டெஸ்ட் பண்றது. இதை நான் முன்னாடி பண்ணல. மூணு மாசம் வீணாப்போன பிறகுதான் பண்ணேன். அந்தக் கதையிலேர்ந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்க ஊர் திருத்தணி. மலையடிவாரத்துல என் மாமா பூக்கடை வச்சிருக்கார். ஆடிக் கிருத்திகை வந்தா ஊரே பூக்காவடியாத்தான் இருக்கும். நகரி, புத்தூர், சித்தூர்னு ஆந்திரா பக்கத்துலேர்ந்தும் கூட்டம் வரும். 1960 ஏப்ரல் 1 வரைக்கும் திருத்தணியே ஆந்திராவுலதான் இருந்துச்சு. எங்க கடைத்தெருவுல இன்னைக்கும் ஒரே வாக்கியத்துல தமிழும் தெலுங்கும் மாறி மாறி வரும்.

மாமா ஆர்டர் எல்லாம் ஒரு நோட்டுல எழுதுவார். ஒரு வருஷம் கிருத்திகை அன்னைக்கு விடியக்காலையில ஒரு குடும்பம் வந்து நின்னுச்சு. காவடிக்குப் பூ சொல்லியிருந்தாங்க. நோட்டுல இல்ல. வேண்டுதல் காவடி அது. அந்தம்மா அழுததை மாமா இன்னும் மறக்கல. அதனாலதான் நானும் என் காலேஜ் ஃப்ரெண்டும் உட்கார்ந்து, மூணு மாசம் சனி ஞாயிறு எல்லாம் போட்டு, ஒரு ஆர்டர் ஆப் பண்ணோம்.

மாமாகிட்ட காட்டினோம். "சூப்பரா இருக்கு மாப்ள"ன்னார். ரெண்டு வாரம் கழிச்சுப் போனா ஆப்ல ஒரு ஆர்டர் கூட இல்ல. நோட்டு வழக்கம்போல ஓடுது. என்ன பிரச்சினைன்னு கேட்டேன். "ஆப்ல ஒண்ணும் இல்ல மாப்ள, எனக்குத்தான் பழக்கம் இல்ல."

அந்த "எனக்குத்தான்" இருக்கு பாருங்க, அதுதான் ஆபத்து. தப்பு நாங்க பண்ணது. பழியை அவர் தன் மேல போட்டுக்கிட்டார். மூணு மாசம் உழைச்ச பையன் முகத்தைப் பார்த்து யாரு குறை சொல்வாங்க?

இந்தச் சிக்கலைப் பத்தி நம்ம நாட்டுலேயே யோசிச்சவங்க இருக்காங்க. ஹ்யூமன் ஃபேக்டர்ஸ் இன்டர்நேஷனல்ல இருந்த அபாலா லாஹிரி சவான், 2000களின் தொடக்கத்துல ஒரு விமான டிக்கெட் இணையதளத்தை டெஸ்ட் பண்ணும்போது இதே சுவத்துல முட்டினாங்க. நம்ம ஆளுங்க முகத்துக்கு நேரா குறை சொல்ல மாட்டாங்க. அதனால அவங்க ஒரு சினிமாக் கதையே சொன்னாங்க: உங்க அண்ணன் பொண்ணு மாதிரி ஒரு பொண்ணுக்குக் கல்யாணம் நடக்கப்போகுது, மாப்பிள்ளை கூலிக்குக் கொலை பண்றவன்னு உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு, ஆதாரமும் கையில இருக்கு, உடனே விமானம் ஏறணும், டிக்கெட் போடுங்க! அந்தப் பதட்டத்துல மரியாதை எல்லாம் மறந்து, இணையதளத்தைக் கிழிகிழின்னு கிழிச்சாங்க. இதுக்கு பாலிவுட் முறைன்னே பேர். எனக்கு ரொம்பப் பிடிச்ச ஐடியா. ஆனா மாமாகிட்ட அந்தக் கதையைச் சொன்னா "எந்த ஊர் மாப்பிள்ளைடா?"ன்னு விசாரிக்க ஆரம்பிச்சுடுவார். அதனால நாங்க காகிதத்துக்குப் போனோம்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம், கடையில கூட்டம் இல்லாத நேரம். ஏ4 பேப்பரை நாலா கிழிச்சு, ஸ்கெட்ச் பேனாவால ஸ்க்ரீன் வரைஞ்சோம். வேணும்னே ஸ்கேல் வைக்கல. கோணல்மாணலா இருந்தாத்தான் "இது இன்னும் முடியல"ன்னு பார்க்கிறவங்களுக்குத் தோணும். என் ஃப்ரெண்டுதான் கம்ப்யூட்டர். மாமா எந்தப் பட்டனை விரலால தொடுறாரோ, அதுக்கான அடுத்த பேப்பரை அவன் எடுத்து வைக்கணும். வாய் திறக்கக் கூடாது. எனக்கு வேலை கொடுக்கிற வேலை மட்டும்: "நகரியிலேர்ந்து போன் வந்திருக்கு, ரெண்டு காவடிக்குப் பூ வேணுமாம், எழுதிக்குங்க மாமா." உதவி பண்ணக் கூடாதுங்கறதுதான் முக்கியமான விதி. நான் மூணு தடவை மீறினேன், அது வேற விஷயம்.

ரெண்டாவது ஸ்க்ரீன்ல "அளவு: கிலோ"ன்னு இருந்துச்சு. மாமா விரல் அங்கேயே நின்னுடுச்சு. பின்னாடி நின்ன அத்தை என் கையிலேர்ந்து பேனாவைப் புடுங்கி, கிலோவை அடிச்சுட்டு "முழம்"னு எழுதினாங்க. "உதிரிப்பூதான்டா கிலோ. கட்டின சரத்தை எவன் கிலோவுல கேப்பான்?" எனக்கு இது தெரியாதா? எங்கம்மாவுக்கு எத்தனை தடவை முழம் போட்டு வாங்கியிருக்கேன்! ஆனா கோட் எழுதும்போது என் மூளையில டேட்டாபேஸ்தான் இருந்துச்சு, பூ இல்ல. கண்ணாடி ஸ்க்ரீன் மேல அத்தையால அப்படி அடிச்சு எழுதியிருக்க முடியாது.

அடுத்தது இன்னும் பெரிய அடி. பூ கட்டுற அக்கா ஒருத்தங்க, நகரிப் பக்கம், கொஞ்ச நேரம் பார்த்துட்டு "நானும் தொடலாமா?"ன்னாங்க. அப்பதான் தெரிஞ்சது, மாமா விடியக்காலையில பூ எடுக்கப் போயிட்டா போன் எடுக்கிறது அவங்கதான். அவங்களுக்குத் தெலுங்கு மட்டும்தான் படிக்கத் தெரியும். அந்த ஆர்டர் ஏன் நோட்டுல ஏறலைன்னு அங்கதான் புரிஞ்சது. அவங்க வாய்ல சொல்லியிருக்காங்க, மாமா கூட்டத்துல மறந்துட்டார். நாங்க தமிழ்ல அழகா ஒரு ஃபான்ட் தேடிக்கிட்டு இருந்திருக்கோம்!

பூ படம் போட்டா முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. பெங்களூர்ல மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்ல இந்திராணி மேதியும் அவங்க குழுவும் வீட்டு வேலை பார்க்கிற பெண்களுக்காக, எழுத்தே இல்லாத ஒரு வேலை தேடும் இன்டர்ஃபேஸ் பண்ணாங்க. 2006ல அந்த ஆய்வு வெளிவந்துச்சு. பாத்திரம் வரைஞ்சா அது பாத்திரம்தான், "பாத்திரம் கழுவுற வேலை"ன்னு புரியல. குழாய்லேர்ந்து தண்ணி ஓடுற மாதிரி அசைவு காட்டின பிறகுதான் வேலைன்னு புரிஞ்சது. இதெல்லாம் ஆபீஸ்ல உட்கார்ந்து கண்டுபிடிக்கிற விஷயம் இல்ல.

இந்த முறை ஒண்ணும் புதுசும் இல்ல. 1980களின் தொடக்கத்துல ஸ்காண்டிநேவியாவுல யுடோப்பியான்னு ஒரு திட்டம். பத்திரிகை அச்சுத் தொழிலாளர்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து, வரப்போற கம்ப்யூட்டர் எப்படி இருக்கணும்னு அட்டைப்பெட்டிகளை வச்சு வேலை செஞ்சு பார்த்தாங்க. வெறும் அட்டைப்பெட்டி மேல "லேசர் பிரிண்டர்"னு எழுதி ஒட்டியிருந்தாங்க. தொழிற்சங்கமும் கூட இருந்தது. வேலை யார் கையில இருக்கும்ங்கற கேள்வி அது.

காகிதத்தால முடியாததும் உண்டு. நெட்வொர்க் போனா என்ன ஆகும், வெயில்ல ஸ்க்ரீன் தெரியுமா, ஈரக்கையால தொட்டா வேலை செய்யுமா, இதுக்கெல்லாம் நிஜ போன் வேணும். பூக்கடையில ஈரக்கைதான் எப்பவும்.

எத்தனை பேர்கிட்ட டெஸ்ட் பண்ணணும்? ஜேக்கப் நீல்சன் 2000ல எழுதின கட்டுரையில அஞ்சு பேர் போதும்னார். எங்களுக்கு மூணாவது ஆள்லேயே அதே குறை திரும்பி வந்துடுச்சு.

கடைசியில ஆப் என்ன ஆச்சு? இங்கதான் தமிழ்நாட்டு உதாரணம் ஒண்ணு கை கொடுத்துச்சு. தபன் பாரிக்னு ஒரு ஆய்வாளர், நம்ம ஊர் மகளிர் சுய உதவிக் குழுக்களோட கணக்குகளுக்காக கேம்னு ஒரு சிஸ்டம் பண்ணார். காகிதப் படிவத்தை அவர் தூக்கிப் போடல. அதுலேயே கோடுகளை அச்சடிச்சு, போன் கேமராவால படிக்க வச்சார். என்ன நிரப்பணும்னு போன் தமிழ்ல பேசும். அதைப் படிச்சுட்டு, "மூணு மாசம்டா..."ன்னு புலம்பிக்கிட்டே என் ஃப்ரெண்ட் ஒத்துக்கிட்டான். மாமாவோட நோட்டையே மாத்தி வரைஞ்சோம். ஒவ்வொரு பூவுக்கும் படம், பக்கத்துல முழத்துக்குக் கட்டம், தலைப்பு ரெண்டு மொழியிலயும். எழுதி முடிச்சதும் அக்கா ஒரு போட்டோ எடுத்து மாமாவுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பணும், அவ்வளவுதான்.

முதல் பக்கத்தைப் போன வாரம் கொடுத்தோம். அக்கா வாங்கின உடனே தேதி கட்டத்தை அடிச்சுட்டாங்க. யாரும் தேதி சொல்றதில்லையாம், "கிருத்திகைக்கு முந்தின நாள்"னுதான் சொல்றாங்களாம். இன்னைக்கு ராத்திரி அந்தப் பக்கத்தைத் திரும்ப வரையணும்.