சொந்தக் கூரையின் கீழ் ஒரு வழங்கி

(தில்லியில் வாழும் தமிழ்த் தோழர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பத்திரிகை தொடங்குவது என்று முடிவெடுத்த காலங்களில், தலையங்கத்தை யார் எழுதுவது என்பதற்கும் முன்பாக எழுந்த கேள்வி ஒன்று உண்டு: எந்த அச்சகத்தில் அடிப்பது? 1910ஆம் ஆண்டின் பத்திரிகைச் சட்டமும், 1931ஆம் ஆண்டின் பத்திரிகை அவசரகால அதிகாரச் சட்டமும் ஜாமீன் தொகை கேட்டு அச்சகத்தாரின் கழுத்தை நெரித்தன. தொகை பறிபோகும் என்று அஞ்சிய உரிமையாளர், மறுவாரமே "வேறு இடம் பாருங்கள்" என்று சொல்லிவிடுவார். எனவேதான் இயக்கங்கள் பழைய டிரெடில் இயந்திரமானாலும் சொந்தமாக ஒன்று வேண்டும் என்று விரும்பின. அந்த இயந்திரம் எத்தனை பிரதி அடிக்கும், அச்சுக்கோப்பதற்கு எழுத்துகள் போதுமா, பழுதானால் யார் பார்ப்பது என்பவையெல்லாம் அரசியல் கேள்விகளோடு ஒன்றாகவே பேசப்பட்டன. வீட்டில் ஓர் இணைய வழங்கியை, அதாவது சர்வரை, அமைப்பது பற்றிய இன்றைய பேச்சையும் அந்த வரிசையிலேயே வைத்துப் பார்க்க வேண்டும்.

இந்தத் தலைநகரின் எல்லையில் நடந்ததை நினைவுகூர்ந்தாலே போதும். 2020 நவம்பர் இறுதியில் விவசாயிகள் சிங்குவிலும் திக்ரியிலும் வந்து அமர்ந்தார்கள். டிசம்பர் 18 அன்று 'டிராலி டைம்ஸ்' என்ற அச்சுப் பத்திரிகையை அந்தப் போராட்டக் களமே ஈன்றது. பஞ்சாபியிலும் இந்தியிலும் அது வந்தது. இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 20 அன்று, கிசான் ஏக்தா மோர்ச்சாவின் பேஸ்புக் பக்கம் திடீரென்று மறைந்தது. கண்டனம் எழுந்த பின்னர் சில மணி நேரத்தில் திரும்பி வந்தது. தானியங்கி முறை அதைக் குப்பைச் செய்தியாக எண்ணிவிட்டது என்பது நிறுவனத்தின் விளக்கம். 2021 பிப்ரவரி 1 அன்று, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்படி அரசு பிறப்பித்த ஆணையை ஏற்று, ட்விட்டர் நிறுவனம் ஏறத்தாழ 250 கணக்குகளை இந்தியாவில் மறைத்தது. கிசான் ஏக்தா மோர்ச்சா, 'கேரவன்' இதழ், மார்க்சிஸ்ட் கட்சித் தலைவர் முகமது சலீம் ஆகியோரின் கணக்குகளும் அவற்றுள் இருந்தன. அன்று மாலையே அவை மீண்டன என்பது உண்மை. ஆனால் மறைத்ததும் மீட்டதும் கலிபோர்னியாவில் உள்ள ஒரு நிறுவனத்தின் கையில் இருந்தன. லட்சக்கணக்கான மக்கள் உழைத்து உருவாக்கிய அந்தப் பக்கத்தில், அவர்களுக்குச் சொந்தமாக இருந்தது கடவுச்சொல் மட்டுமே.

சர்வர் என்றதும் குளிரூட்டப்பட்ட பெருங்கூடங்களை நினைத்துக்கொள்ளத் தேவையில்லை. எப்போதும் விழித்திருந்து, கேட்பவருக்குக் கேட்ட பக்கத்தை எடுத்துக் கொடுக்கும் எந்தக் கணினியும் வழங்கிதான். 2010 பிப்ரவரியில் நியூயார்க்கில் பேசிய சட்டப் பேராசிரியர் எபென் மோக்லென், மக்களின் செய்திகள் அனைத்தும் சில நிறுவனங்களின் இயந்திரங்களில் குவிந்துவிட்டதே அடிமைத்தனத்தின் வேர் என்றும், கைக்கு அடங்கும் மலிவான வழங்கிகளை அவரவர் வீட்டில் வைப்பதே மாற்று என்றும் வாதிட்டார். அதிலிருந்து பிறந்ததே 2011இல் தொடங்கிய 'ஃப்ரீடம்பாக்ஸ்' திட்டம். 2019இல் பல்கேரியாவின் ஓலிமெக்ஸ் நிறுவனம் அதற்கென ஒரு சிறு பெட்டியை 82 யூரோவுக்கு விற்கத் தொடங்கியது. பெட்டியை வாங்காமலும் அந்த மென்பொருளை எந்தப் பழைய கணினியிலும் இலவசமாக நிறுவிக்கொள்ளலாம்.

எந்தக் கணினியைத் தேர்வது? தில்லியில் இந்தக் கேள்விக்கு மின்கட்டண ரசீதே பாதி விடை சொல்லிவிடும். பரணில் கிடக்கும் பழைய மேசைக் கணினி செலவில்லாதது போலத் தோன்றும். அது 60 வாட் மின்சாரம் எடுப்பதாகக் கொண்டால், நாள் முழுதும் ஓடும்போது மாதத்துக்கு 43 யூனிட்டைத் தாண்டும். 2019 ஆகஸ்டில் வந்த சலுகைப்படி 200 யூனிட் வரை கட்டணமில்லை. 180 யூனிட்டில் நிற்கும் ஒரு தொழிலாளி வீட்டை இந்த 43 யூனிட் கோட்டுக்கு அப்பால் தள்ளிவிடும். ராஸ்பெரி பை போன்ற கையகலப் பலகை ஏறத்தாழ 5 வாட்டில் ஓடும்; மாதம் நான்கு யூனிட்டுக்கும் குறைவு. பழைய மடிக்கணினி இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. 15 வாட் என்று வைத்தால் பதினொரு யூனிட்.

ஆயினும் மடிக்கணினிக்கே முதலிடம் தரலாம். மின்சாரம் போனால் அதன் பேட்டரியே தாங்கிக்கொள்ளும். திரையும் விசைப்பலகையும் உடனிருப்பதால் பழுது பார்க்கும் தோழருக்கு வேறு கருவி வேண்டாம். நேரு பிளேஸ் சந்தையில் பழையது கிடைக்கும், உதிரிப் பாகமும் கிடைக்கும். இங்கு பெருமைக்கு இடமில்லை. சில ஆயிரம் பக்கங்களை வாசகருக்கு எடுத்துக் கொடுக்க, பத்தாண்டு பழைய செயலியே போதும். நினைவகம் 4 ஜிபி இருந்தால் தாராளம். கவனிக்க வேண்டியவை இரண்டு. இடைவிடாது மின்னேற்றப்படும் பழைய பேட்டரி உப்பிப்போகும். தீ அபாயமும் உண்டு. உப்பலின் அறிகுறி கண்டதும் கழற்றிவிட வேண்டும். மற்றது மே, ஜூன் மாத வெயிலும் புழுதியும். கூரைத் தகரத்துக்கு அடியிலோ அலமாரிக்குள்ளோ வைக்காமல், காற்றோடும் இடத்தில் வைத்து, ஆண்டுக்கு இருமுறை விசிறியைத் துடைக்க வேண்டும். சிறு பலகையையே தேர்ந்தால், அதன் மெமரி கார்டை நம்பிவிடக் கூடாது. ஓயாமல் எழுதப்படும்போது அது விரைவில் தேய்ந்து சாகும். யூஎஸ்பி வழியே ஒரு எஸ்எஸ்டி தட்டை இணைப்பது நல்லது.

அடுத்தது இணைப்பு. கணினியும் மென்பொருளும் சரியாக இருந்தும் பலர் தடுக்கி விழும் இடம் இதுவே. அகன்ற அலைவரிசை தரும் நிறுவனங்கள் பலவும் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருகின்றன. அந்த நிலையில் வீட்டிலிருந்து வெளியே போகலாம்; வெளியிலிருந்து எவரும் வீட்டுக்கு வர முடியாது. தெரு முழுவதற்கும் ஒரே கதவு எண் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? ஆகவே இணைப்பு வாங்கும் முன்பே, நிலையான பொது முகவரி தருவார்களா, அதற்குக் கூடுதல் கட்டணம் எவ்வளவு, ஐபிவி6 முகவரி உண்டா என்று கேட்க வேண்டும். பதிவிறக்க வேகத்தையே விளம்பரப்படுத்துவார்கள். வழங்கிக்குத் தேவையானது பதிவேற்ற வேகம். இந்நகரின் பொதுத்துறைத் தொலைபேசி நிறுவனமான எம்டிஎன்எல் எத்தகைய நெருக்கடிக்குத் தள்ளப்பட்டது என்பதைத் தோழர்கள் அறிவார்கள். இன்று பெரும்பாலான வீடுகளில் தேர்வு என்பது ஒரு தனியாருக்கும் இன்னொரு தனியாருக்கும் இடையில்தான்.

மென்பொருளில் தயங்க எதுவுமில்லை. கட்டற்ற மென்பொருளே வேண்டும். இலவசம் என்பது அதற்கு இரண்டாவது காரணம்தான். அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குத் தரலாம். 2001இல் திருவனந்தபுரத்தில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. பின்னர் கேரள அரசுப் பள்ளிகள் முழுமையாக அந்த வழிக்கு வந்தன. ஒரு மாநிலத்தின் பிள்ளைகள் படித்துக்கொண்டதை ஒரு கிளையின் தோழர்கள் படிக்க முடியாதா? இயங்குதளமாக டெபியன் பொருந்தும். 1993 முதல் உலகெங்கும் தன்னார்வலர்கள் கூடி உருவாக்கிவரும் அது எந்த நிறுவனத்துக்கும் சொந்தமன்று. அதன் நிலையான பதிப்பு ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ ஐந்தாண்டு பாதுகாப்புத் திருத்தங்கள் வருகின்றன. மாதந்தோறும் புதுமை தேடுவோருக்கு அது சலிப்பூட்டும். வழங்கிக்குச் சலிப்பே நல்லது.

பக்கங்களை வழங்கும் நிரலாக 1995இன் அப்பாச்சியும் 2004இன் என்ஜின்எக்ஸும் உள்ளன. இரண்டில் எதுவானாலும் சரி. அதைவிட முக்கியமான தேர்வு வேறு. வேர்ட்பிரஸ் போன்ற அமைப்பு எழுதுவதற்கு எளிது. ஆனால் அது தரவுத்தளத்தையும் செருகுநிரல்களையும் சுமந்து நிற்பது. ஒரு மாதம் கவனிக்காமல் விட்டால் திருடன் நுழைய ஓட்டை விழும். கட்டுரைகளையும் நூல்களையும் மட்டும் வெளியிடும் கிளைக்கு, முன்பே தயாரித்து வைத்த நிலைப் பக்கங்களே போதுமானவை. அவற்றில் உடைக்க அதிகம் இல்லை. பழைய கணினிக்கும் பாரமில்லை. இணைப்பு மறையாக்கத்துக்கான சான்றிதழை 'லெட்ஸ் என்க்ரிப்ட்' கட்டணமின்றித் தருகிறது. அது குறுகிய காலமே செல்லும் என்பதால் தானாகப் புதுப்பிக்கும் நிரலை முதல் நாளே அமைத்துவிட வேண்டும்.

இனி, எவரும் மயங்கக் கூடாத ஓரிடம். சொந்த வழங்கி கோட்டை அன்று. 2023 அக்டோபர் 3 அன்று நியூஸ்கிளிக் தொடர்புடையவர்களின் வீடுகளில் தில்லிக் காவல்துறை புகுந்து, கணினிகளையும் கைபேசிகளையும் அள்ளிச் சென்றது. அடுத்த மாதமே, ஊடகவியலாளரின் கருவிகளைப் பறிமுதல் செய்வதற்கு நெறிமுறைகள் வகுக்குமாறு உச்சநீதிமன்றம் ஒன்றிய அரசிடம் கூறியது. வீட்டில் இருக்கும் பெட்டியை எடுத்துச் செல்வது எளிது. அதனினும் கொடிது, எடுத்துச் செல்லாமலே உள்ளே நுழைவது. 2018 ஜூனில் தில்லியில் கைது செய்யப்பட்ட ரோனா வில்சனின் மடிக்கணினியில் தீநிரல் வழியாகக் கோப்புகள் புகுத்தப்பட்டிருந்தன என்று அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் நிறுவனம் தன் ஆய்வறிக்கையில் கூறியது. 2021 பிப்ரவரியில் அது வெளிவந்தது. எனவே வெளியுலகுக்குத் திறந்த வழங்கியில் வெளியிடத்தக்கதை மட்டுமே வைக்க வேண்டும். உறுப்பினர் பட்டியல், கமிட்டிக் குறிப்புகள், கடிதங்கள் ஆகியவை அங்கு இருக்கவே கூடாது. அன்றாட வேலைக் கணினியையே வழங்கியாக்குவதும் தவறு. தட்டு முழுவதையும் மறையாக்கம் செய்ய வேண்டும். வேறோர் ஊரில், வேறொருவர் பொறுப்பில், ஒரு முழுப் பிரதி இருக்க வேண்டும்.

இணைய முடக்கத்துக்கும் இது மருந்தன்று. அனுராதா பாசின் வழக்கில் 2020 ஜனவரி 10 அன்று உச்சநீதிமன்றம், காலவரையற்ற முடக்கம் கூடாது என்றும் ஆணைகள் வெளியிடப்பட வேண்டும் என்றும் சொன்னது. ஓராண்டு கழித்து, ஜனவரி இறுதியில், சிங்குவிலும் திக்ரியிலும் காஜிப்பூரிலும் இணையம் துண்டிக்கப்பட்டது. அந்த நாட்களில் எந்தச் சொந்தச் சர்வரும் வெளியூருக்குப் பேசியிருக்காது. டிராலி டைம்ஸ் கைமாறிக்கொண்டிருந்தது.

அப்படியானால் இதை எதற்கு அமைப்பது? இழந்துவிடக் கூடாதவற்றுக்காக. 2009இல் யாகூ நிறுவனம் ஜியோசிட்டீஸ் தளத்தை மூடியபோது, தனி மனிதர்கள் பத்தாண்டுகளுக்கு மேலாக எழுதிவைத்த பக்கங்கள் அங்கிருந்து அகற்றப்பட்டன. தமிழில் முதன்முதலாக எழுதிப் பார்த்தவர்களின் பக்கங்களும் அங்கு இருந்தன. கிளைகளின் கணினிகளிலும் அத்தகைய புதையல் உண்டு: மொழிபெயர்ப்புகள், மாநாட்டுத் தீர்மானங்கள், துண்டறிக்கைகள். அவற்றுள் பல ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டப்பட்டவை. 1999இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற முறைகளை அறிவித்தது. 2010இல்தான் ஒருங்குறிக்கு வந்தது. இடையில் அவரவர் கையில் கிடைத்த எழுத்துருவில் அடித்துத் தள்ளினார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தீர்மானம் முழுவதும் பொருளற்ற ரோமன் குறிகளாகத் தெரியும்.

ஆகையால் வேலை வழங்கியில் தொடங்கவில்லை. முதலில் பழைய குறுந்தகடுகளையும் பென்டிரைவ்களையும் சேகரித்து, எந்தக் கோப்பு எந்த எழுத்துருவில் உள்ளது என்று குறித்து, ஒருங்குறிக்கு மாற்றி, ஒருவர் உட்கார்ந்து மெய்ப்புப் பார்க்க வேண்டும். மாற்றும் நிரல்கள் கொம்பையும் காலையும் இடம் மாற்றிவைக்கும். 'கொ' என்பதும் 'கெ'வும் அதன் பின் தனியே நிற்கும் காலும் திரையில் ஒன்றுபோலவே தெரிந்தாலும், தேடினால் அகப்படா. கண்ணுள்ள ஒருவர் வரிவரியாகப் படித்தே தீர வேண்டிய வேலை அது. குறுந்தகடுகள் ஆண்டுதோறும் படிக்க முடியாமல் போய்க்கொண்டிருக்கின்றன. மடிக்கணினியை அதற்குப் பிறகும் வாங்கிக்கொள்ளலாம்.