கையெழுத்துக் கேட்டு வரும் மாணவன்

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கடை வைத்திருக்கும் பெரியவர்களிடம் முதலில் ஒரு கேள்வி. தெரிந்த வீட்டுப் பிள்ளை ஒருவன் வருகிறான். "சாச்சா, காலேஜில் இன்டர்ன்ஷிப் சர்டிபிகேட் கேட்கிறார்கள். ஒரு மாதம் உங்களிடம் வேலை பார்த்தேன் என்று லெட்டர்பேடில் எழுதிக் கொடுங்கள்" என்கிறான். நீங்கள் என்ன செய்கிறீர்கள்? பிள்ளை படிக்கட்டும், நமக்கென்ன நஷ்டம் என்று சீல் குத்திக் கொடுத்து அனுப்பிவிடுகிறீர்கள். டீயும் வாங்கிக் கொடுக்கிறீர்கள்!

செய்யாத வேலையைச் செய்ததாக எழுதிக் கொடுப்பதற்குப் பெயர் என்ன? பொய்ச் சாட்சி. நீதிமன்றக் கூண்டில் ஏறிச் சொன்னால்தான் அது பொய்ச் சாட்சியா? பெரும் பாவங்களின் வரிசையில் வைத்து நமக்கு எச்சரிக்கப்பட்ட காரியத்தை, உதவி என்ற பெயரில் செய்துகொண்டிருக்கிறோம். நாளை நேர்முகத் தேர்வில் "அங்கே என்ன கற்றுக்கொண்டாய்?" என்று கேட்டால், பதில் சொல்லத் தெரியாமல் விழிக்கப் போவதும் அந்தப் பிள்ளைதான்.

பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறி, இளங்கலைப் படிப்பில் 2 முதல் 4 கிரெடிட் வரை வேலைப் பயிற்சிக்கு ஒதுக்கச் சொல்கிறது. ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம். நான்கு என்றால் 120 மணி நேரம். நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் வீதம் இருபது நாள். தமிழ்நாட்டுக் கலை, அறிவியல் கல்லூரிகள் பலவற்றிலும் விடுமுறைப் பயிற்சி பாடத்தில் சேர்ந்துவிட்டது.

நம் கடையில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்கிறீர்களா? ஜி.எஸ்.டி. ஒன்று போதாதா? 2022 ஜனவரி முதல், சரக்கு அனுப்பியவர் தன் கணக்கில் காட்டி, அது உங்கள் 2பி பட்டியலில் வந்தால்தான் நீங்கள் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ள முடியும். எத்தனை பேர் அந்தப் பட்டியலைத் திறந்து பார்க்கிறீர்கள்? ஆடிட்டர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறோம். கொள்முதல் பில்களையும் 2பி பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்க்கும் வேலையை பி.காம். மாணவனிடம் கொடுங்கள். எந்த பில் விடுபட்டது, யாருக்குப் போன் போட வேண்டும் என்று அவன் எழுதி வைக்கட்டும். உங்கள் பணம் மிஞ்சும். வகுப்பில் மனப்பாடம் செய்த வரிச் சட்டம் அவனுக்கு அன்றுதான் புரியும். அதன் பிறகு போடுங்கள் கையெழுத்து!

இளைஞர்களே! உங்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. காந்தியடிகளின் நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. இரண்டு ஆண்டில் 240 மணி நேரப் பணி, 7 நாள் சிறப்பு முகாம். அருமையான திட்டம். ஆனால் பல இடங்களில் நடப்பது என்ன? ஏற்கெனவே பெருக்கிய தெருவில் துடைப்பத்தோடு நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். மரக்கன்று நட்டவன் மறுவாரம் தண்ணீர் ஊற்றப் போனானா?

கல்வியையும் சேவையையும் இணைக்கும் முறைக்கு 1960களில் அமெரிக்காவில் பெயர் சூட்டியவர்களில் ஒருவர் ராபர்ட் சிக்மன். 1979இல் அவர் மூன்று விதிகளை வகுத்தார். முதல் விதி: யாருக்காகச் சேவை நடக்கிறதோ, அவர்கள் கையில்தான் அதன் கடிவாளம் இருக்க வேண்டும். அதாவது, போய் முதலில் கேளுங்கள்!

உங்கள் மஹல்லாவில் கேட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி இடஒதுக்கீடு 2007இல் வந்தது. எத்தனையோ பேர் உழைத்துப் பெற்ற உரிமை. ஆனால் கல்லூரி சேர்க்கை நேரத்தில் சாதிச் சான்றிதழ் கையில் இல்லாமல் ஓடும் பெற்றோரைப் பார்க்கத்தானே செய்கிறோம்? பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் உள்ள வீடுகளைக் கணக்கெடுத்து, சான்றிதழ் இல்லாதவர்களை இ-சேவை மையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று அந்த மனு எங்கே போகிறது, எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று பின்தொடர்ந்து குறித்து வையுங்கள். பொது நிர்வாகம் படிக்கும் மாணவனுக்கு இதைவிட நல்ல பாடம் எந்த வகுப்பறையில் கிடைக்கும்? அந்தக் குறிப்பேட்டைப் பேராசிரியரிடம் காட்டி விவாதிக்க வேண்டும். இல்லாவிட்டால் அது சேவையோடு நின்றுவிடும், படிப்பாகாது.

"பயிற்சிக்கு வருபவனுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டுமா?" என்று கேட்கும் வியாபாரிகள் உண்டு. பஸ் கட்டணமும் பகல் சாப்பாடும் கொடுங்கள். முடிந்தவர்கள் மேலும் கொடுங்கள். ஆனால் லோடு இறக்க ஆள் வரவில்லை என்று அவனை மூட்டை தூக்க வைத்தால், அது பயிற்சிக் கணக்கில் வராது. அன்றைய கூலியை அன்றே அவன் கையில் கொடுத்துவிடுங்கள்.